பழைய டீசல் வண்டி நின்று நின்று ஓடுவதேன்?

நூல் சிப்பங்களையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் சங்க வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின், நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். கட்டுக்கட்டான கீரை வாடுகிறது. சொன்ன நாளில் நூல் தறிக்கு வந்து சேருவதில்லை. இந்நிலையில், "பம்ப் போய்விட்டது" என்று அவசரத் தீர்ப்புக் கூறி, இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிப் பெருந்தொகைக்கு வவுச்சர் எழுதுவதைத் தணிக்கையில் காண்கிறோம். ஆனால் பல வேளைகளில் கோளாறு பம்புக்கு முன்னதாகவே இருக்கிறது.

மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய எஞ்சின்களில் டீசல் செல்லும் வழி எளியது. டாங்கியிலிருந்து குழாய் வழியாக பீட் பம்பிற்கும், பின் பில்டருக்கும், அதன்பின் இன்ஜெக்ஷன் பம்பிற்கும், இறுதியில் இன்ஜெக்டர்களுக்கும் அது செல்லுகிறது. 'ஐடிலிங்' எனப்படும் மெதுவோட்டத்தில் ஒவ்வொரு முறையும் பீச்சப்படும் அளவு மிகச் சிறிது. ஆகவே சிறு காற்றுக் குமிழியும் எஞ்சினை அணைத்துவிட வல்லது. எனவே டாங்கியிலிருந்து தொடங்கி வரிசையாகச் சோதிப்பதே முறை.

1. சிறிது தூரம் ஓடி நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பினால், டாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். கோளாறு நீங்கினால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது என அறியலாம்.

2. மேட்டில் இழுவை குறைந்து நின்றால், பில்டரை மாற்றுங்கள். நீர் டீசலைவிடக் கனமாகையால் பில்டரின் அடியில் தங்கும். அடித் திருகைத் திறந்து அதனை வடித்துவிடல் வேண்டும்.

3. மெதுவோட்டத்தில் ஏறி இறங்கித் தடுமாறினால், உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகுகிறதா என ஆராய்க. அங்கே டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே இழுக்கப்படலாம். 1-4-2020 முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. இத்தகைய டீசலுக்கு மாறியபின் பழைய ரப்பர் வளையங்கள் சுருங்கிக் காற்றுக்கு வழிவிடுவதும் உண்டு. வளையங்களையும் கிளிப்புகளையும் மாற்றியபின், பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை இயக்கி, திருகை முடுக்குக. பின்னர் இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க.

4. எஞ்சினை நிறுத்தும் கேபிள் முழுவதும் திரும்பாதிருந்தாலும் எஞ்சின் அணையும். அதற்கு எண்ணெயிட்டு இலகுவாக்குவது சல்லிச் செலவே.

இவை யாவும் சரியாயிருந்தால் மட்டுமே மெதுவோட்டத் திருகைத் தொடல் தகும். அதுவும் எஞ்சின் நன்கு சூடேறியபின், தயாரிப்பாளர் குறித்த வேகத்திற்கே. தடுமாற்றத்தை மறைக்க வேகத்தைக் கூட்டி வைத்தால், டீசல் வீணாவதன்றி நோய் தீராது.

இன்ஜெக்ஷன் பம்பின் உட்பகுதிகளுக்கிடையே உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அதனைப் பட்டறைச் சோதனை மேடையிலன்றி வேறெங்கும் பிரிக்கலாகாது. ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்துவதும் அனுபவமற்றோர் வேலையன்று. உயரழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

பில்டர் மாற்றிய தேதி, ஓடிய தூரம், வண்டி நின்ற சூழ்நிலை ஆகியவற்றை டிரைவர் ஒரு நோட்டில் எழுதி வருவாராக. பம்பைக் கழற்ற அனுமதி கோரும் மனு வரும்போது, மேற்கண்ட நான்கும் பார்க்கப்பட்டனவா என்று நிர்வாகக் குழுவினர் அந்நோட்டைக் கொண்டே கேட்டல் வேண்டும். அங்கத்தினரும் பொதுக்குழுவில் அதனைக் கேட்கலாம். செலவாவது அவர்கள் பணமே.