பில்ஸ்னா கப்பலில் ஒரு மாணவர்

பெங்களூருவிலிருந்து கோலார் செல்லும் சாலையில் ஹொசகோட்டே என்னும் ஊர் உள்ளது. அங்கு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. அவ்வளாகத்தில் அமர்ந்து ஆய்வாளர்கள் இயக்கும் தொலைநோக்கியோ அங்கே இல்லை. அது லடாக்கிலுள்ள ஹான்லே என்னும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. செயற்கைக்கோள் வழியாக இங்கிருந்து கட்டளைகள் செல்கின்றன. அங்கிருந்து விண்மீன்களின் படங்கள் வந்து சேர்கின்றன. அதற்கு 'இமாலயச் சந்திரா தொலைநோக்கி' என்று பெயர். சந்திரா என்பது இங்கு நிலவைக் குறிக்கவில்லை. 19 வயதில் கப்பலேறிய ஒரு தமிழ் மாணவரின் பெயர் அது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வேயில் கணக்குத் துறை அதிகாரியாக அங்குப் பணியாற்றினார். வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் நூறாண்டுகளுக்கு முன்பும் இருந்தன. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பின்னாளில் பெங்களூருவில் குடியேறி, இங்கேயே ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவிய சர் சி. வி. இராமன், சந்திரசேகரின் சிற்றப்பா ஆவார்.

குடும்பம் சென்னைக்குத் திரும்பிய பின், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். 1928இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் நூலை முழுவதும் கற்றிருந்த சந்திரசேகர் நேரில் சென்று அவரைக் கண்டார். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்த மாணவருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. அந்நூல் வெளிவந்த பிறகு இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்று நூலாசிரியரே கூறினார். ஆயினும், அச்சில் இருந்த தம் புதிய கட்டுரையின் படிகளை அவர் மாணவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் மனம் தளராமல் அவற்றைப் படித்தார். அடுத்த ஆண்டே அத்துறையில் தாமே எழுதிய கட்டுரையை இலண்டன் அரசக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

1930இல் இங்கிலாந்து சென்று பயில அரசின் உதவித்தொகை கிடைத்தது. ஆனால், அப்போது தாயார் கடுமையான நோயுற்றிருந்தார். அவரை அந்நிலையில் விட்டுச் செல்வது முறையா என்று உறவினர்கள் கேட்டனர். சந்திரசேகரும் தயங்கினார். தயங்காதவர் தாயார் ஒருவரே. மகன் போயே ஆக வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார்.

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாய்த் துறைமுகத்தில் 'பில்ஸ்னா' என்னும் இத்தாலியக் கப்பலில் ஏறினார். அரபிக்கடல், ஏடன், செங்கடல், சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று சென்று வெனிஸ் நகரை அடைய வேண்டிய பயணம் அது. இன்று பெங்களூருவில் இரவு விமானம் ஏறுபவர் மறுநாள் இலண்டனில் இருப்பார். அன்று வெனிசை அடையவே ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. கப்பல் மேற்கே செல்லச் செல்லக் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னோக்கித் திருப்பி வைத்தனர். விமானப் பயணத்தில் உறக்கத்தைக் கெடுக்கும் நேர வேறுபாட்டைக் கப்பல் பயணி உணர்ந்ததே இல்லை. பழைய பயணத்தின் நன்மைகளில் இதனையும் சேர்க்கலாம்.

மற்றபடி, அது இனிய பயணமாகத் தொடங்கவில்லை. பருவமழைக் காலத்து அரபிக்கடல் அமைதியாக இராது. அலைகளில் கப்பல் ஆட, முதல் சில நாள்கள் சந்திரசேகர் கடல்நோயால் வாடினார். ஏடனைக் கடந்ததும் கடல் அடங்கியது. உடல் தேறிய மாணவர் கப்பலின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். முன்னே நெடுங்கடல், வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, நூலகமும் இல்லை. கைவசம் இருந்தவை மூன்று நூல்கள்: சோமர்ஃபெல்டின் அணுவியல் நூல், காம்ப்டனின் ஊடுகதிர் பற்றிய நூல், எடிங்டன் எழுதிய 'விண்மீன்களின் உள்ளமைப்பு'. கடைசி நூல் கல்லூரிப் போட்டியில் அவர் பரிசாகப் பெற்றது.

அவர் சிந்தித்த சிக்கலை அறிய, விண்மீன் எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு விண்மீனின் ஈர்ப்பு விசை அதன் பொருள் முழுவதையும் நடுவை நோக்கி இழுக்கிறது. உள்ளே எரியும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலைக்கும். எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? நம் கதிரவனைப் போன்ற விண்மீன் இறுதியில் பூமியின் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனை 'வெண்குறுமீன்' என்பர். அப்பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அது பல டன் எடை இருக்கும்.

அதற்கும் மேல் அது சுருங்காமல் தடுப்பது எது? கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபவுலர் 1926இல் இதற்கு விடை கண்டார். மெஜஸ்டிக் நிலையத்தில் புறப்படும் பேருந்தை எண்ணிக்கொள்ளலாம். ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமரலாம் என்பது விதி. கீழே இடம் நிரம்பினால், பின்னால் வருபவர் மாடிக்கு ஏறியே ஆக வேண்டும். எலக்ட்ரான்களுக்கும் அத்தகைய விதி உண்டு. நெருக்க நெருக்க, அவை மேலும் மேலும் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்கு ஏறுகின்றன. அதாவது, மிக வேகமாக ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் அழுத்தமே விண்மீனைத் தாங்குகிறது. எனவே எல்லா விண்மீன்களும் வெண்குறுமீன்களாகி அமைதியடையும் என்று அறிஞர்கள் நம்பினர்.

கப்பலில் இருந்த மாணவர் ஒரு கேள்வி கேட்டார். அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடும்? கணக்கிட்டார். விண்மீனின் நடுவில் அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியது. அவ்வாறாயின், ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைச் சேர்க்காமல் கணக்குப் போடுவது தவறு. சேர்த்துப் பார்த்தபோது வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. ஒளியை விஞ்சும் வேகம் எதற்கும் இல்லை. ஆகவே, ஒரு நிலைக்குப் பின் எவ்வளவு நெருக்கினாலும் அழுத்தம் தேவையான அளவுக்கு உயர்வதில்லை. விண்மீனின் நிறை ஒரு வரம்பைக் கடந்தால், எலக்ட்ரான்களால் அதனைத் தாங்க முடியாது. அது சுருங்கிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கும் என்பதற்கு மூன்று நூல்களிலும் விடை இல்லை.

இன்றைய கணக்கின்படி அவ்வரம்பு கதிரவனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்குச் 'சந்திரசேகர் வரம்பு' என்று பெயர். கருந்துளை என்று நாம் இன்று பேசும் பொருளை நோக்கிய பாதையில் அது முதன்மையான ஓர் அடி.

ஆகஸ்டு 19இல் வெனிசில் இறங்கி, அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்த சந்திரசேகர், தம் முடிவைக் கேம்பிரிட்ஜில் ஃபவுலரிடம் காட்டினார். உடனே ஏற்பவர் எவரும் இல்லை. இரண்டே பக்கம் கொண்ட அக்கட்டுரை 1931இல் அமெரிக்க வானியற்பியல் இதழில் வெளியானது.

அவ்வாண்டு மே மாதம் 21ஆம் நாள் சென்னையில் தாயார் சீதாலட்சுமி மறைந்தார். செய்தி தந்தியில் கடல் கடந்தது. அதனைக் கையில் பெற்ற மகனுக்கும் சென்னைக்கும் இடையே மூன்று வாரக் கடல் இருந்தது. பம்பாய்க்குப் புறப்பட்டபோது பிரிந்த தாயை அவர் மீண்டும் காணவில்லை.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் ஆய்வை விரிவாக எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர், கப்பலில் துணையாக வந்த நூலை எழுதிய அதே எடிங்டன். விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ள இயற்கை விடாது என்று கூறி அவர் எள்ளி நகையாடினார், அவையும் சிரித்தது. அன்றைய வானியலில் எடிங்டனின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சந்திரசேகர் சண்டையிடவில்லை, கணக்கை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பின்னர் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் வயது 73.

பிப்ரவரி மாத முன்னிரவில் பெங்களூருவின் தெற்கு வானில் மிகுந்த ஒளியுடன் தெரிவது சிரியஸ் விண்மீன். அதனருகே வெண்குறுமீன் ஒன்று உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதன் நிறை ஏறத்தாழக் கதிரவனின் நிறையே. பில்ஸ்னாவின் மேல்தளத்தில் கணக்கிட்ட வரம்புக்குள் இருப்பதால், அது சுருங்காமல் அப்படியே நிற்கிறது.