கவலையை ஒளித்துவைக்கும் வீடுகள்

படுத்திருப்பவரிடம் "எனக்கென்ன சிரமம்?" என்று சிரித்துச் சமாளிப்பவரைத்தான் நல்ல பராமரிப்பாளர் என்கிறோம். படுத்திருப்பவரும் தன் பங்குக்கு வலியை விழுங்கிக்கொள்கிறார். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணிச் செய்யும் இந்த ஒளிப்பு இருவரையுமே தனியாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும் அவர்களுடைய மனைவியரையும் ஆராய்ந்து உளவியலாளர் ஜேம்ஸ் காயினும் சக ஆய்வாளரும் 1991-இல் எழுதினார்கள். கணவர் கலங்கக் கூடாதென்று தம் கவலையை மூடிவைத்த பெண்களிடமே மனவேதனை கூடுதலாக இருந்தது. வேதனை மிகுந்தவர்கள்தான் அதிகம் மறைத்தார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் மறைத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று அப்போதும் சொல்ல முடியாது. தம்பதியரில் ஒருவரின் மனஅழுத்தம் மற்றவரையும் பிடித்துக்கொள்வதால் சமாளிப்பதும் இருவர் சேர்ந்து செய்கிற காரியம் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் கி போடென்மன் விளக்கியிருக்கிறார்.

பராமரிப்பு வேலையே ஆளைத் தின்றுவிடும் என்ற பேச்சைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஷுல்ஸும் பீச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரித்து அதனால் அழுத்தத்துக்கும் ஆளான முதியவர்கள் நான்காண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் உணராதவர்களிடம் அப்படியொரு உயர்வு தெரியவில்லை. ஆக, அழுத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

நோயாளியின் தலையில் நம் கவலையையும் ஏற்றுவதா என்று சிலர் கோபப்படுவார்கள். ஆனால் நோயாளிகள் பலருக்கு நோயைவிடப் பெரிய வதை, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற நினைப்பு. எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் நாமே செய்யும்போது அந்த நினைப்பு உறுதிப்படுகிறது. டயாலிசிஸ் செலவுக் கணக்கையோ வார மாத்திரைகளைப் பிரித்து வைப்பதையோ செய்ய முடிந்த நோயாளியிடமே விடலாம். மறதிநோய் முற்றியவரிடம் இது நடக்காது; அங்கே கவலையைப் பங்குபோட வேண்டியவர்கள் மற்ற உறவினர்கள். பணமும் ஆளும் இல்லாத வீட்டில் பேசி என்ன ஆகும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வலிநிவாரணச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. என்றாலும் குளிப்பாட்டுவதும் இரவில் கண்விழிப்பதும் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் கையில்தான். பேச்சு அந்த வேலையைக் குறைக்காது. ஆனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருப்பவருக்காக எந்த மகனும் வாரத்தில் இரண்டு இரவு வந்து படுக்கப்போவதில்லை.