பருவுக்கு மாத்திரை, பார்வைக்கு லேசர்: நடுவில் வேண்டும் இடைவெளி

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களில் உதடு வெடிக்கும். தோல் மருத்துவரே அதை முன்கூட்டிச் சொல்லிவிடுவார். அதே வாரங்களில் கண்ணும் காய்வதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை தொந்தரவு தராத கான்டாக்ட் லென்ஸ், மாலையானால் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். “லென்ஸும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், லேசிக் பண்ணிக்கலாம்” என்று தோன்றுவது அப்போதுதான். லேசிக்குக் கண் தயாராக இல்லாத காலமும் அதுவே.

காரணம் இமை விளிம்பில் இருக்கிறது. கீழிமையைக் கொஞ்சம் இழுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். இமைமுடிகளுக்குப் பின்னால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயரால் வழங்குகின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். இமைக்கும்போதெல்லாம் இவற்றிலிருந்து துளி எண்ணெய் கசிந்து, கண்ணீரின்மேல் மெல்லிய ஏடாகப் படர்கிறது. அந்த ஏடு இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

பரு கிளம்புவதும் எண்ணெய்ச் சுரப்பியில்தான். முகத்துச் சுரப்பியும் இமைச் சுரப்பியும் நெருங்கிய உறவு. எண்ணெய்ச் சுரப்பியைச் சுருக்குவதே ஐசோட்ரெட்டினாயினின் வேலை. விழுங்கிய மாத்திரை இரத்தத்தோடு ஓடும்போது கன்னம் எது, இமை எது என்று பார்ப்பதில்லை. சிலருக்கு இரவுப் பார்வையும் மங்குகிறது. வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருளான இந்த மருந்து, விழித்திரை அந்த வைட்டமினைப் பயன்படுத்தும் விதத்தில் குறுக்கிடுகிறது.

இனி லேசருக்கு வருவோம். இதில் சென்னையில் பிறந்த ஒருவரின் பங்கு பெரிது. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981-இல் நன்றி அறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், தொட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. அவரும் உடன் உழைத்தவர்களும் கண்ட அந்த உண்மைதான், 193 நானோமீட்டர் அலைநீள ஒளியால் கருவிழிப் படலத்தைச் செதுக்கும் இன்றைய சிகிச்சைக்கு வழிவிட்டது.

லேசிக்கில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் படலத்தின் மேலடுக்கை மடல்போல் வெட்டித் திருப்பிவிட்டு, உள்ளே செதுக்குவார்கள். மடலை வெட்டும்போது நுண்ணிய நரம்புகளும் அறுபடும். கண் காய்கிறது என்று கண்ணீர்ச் சுரப்பிக்குச் சேதி சொல்பவை அவைதான். அவை மீண்டும் வளரும்வரை, பல மாதங்கள் கண் வறண்டிருப்பது வழக்கம். எண்ணெய் ஏற்கெனவே குறைந்த கண்ணில் கண்ணீரும் குறைந்தால் புண் ஆறுவது தாமதப்படும். பார்வை ஒரு நேரம் தெளிவாகவும் ஒரு நேரம் கலங்கலாகவும் இருக்கும்.

இன்னொரு ஆபத்து, கத்தி வைப்பதற்கு முன்பே இருக்கிறது. ஒளி கண்ணுக்குள் நுழையும்போது முதலில் வளைவது கண்ணீர்ப் படலத்தில்தான். அது திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தால் கருவிழி வரைபடமும் பவர் கணக்கும் தவறலாம். தவறான அளவை வைத்து லேசர் எவ்வளவு துல்லியமாகச் செதுக்கினாலும் பயனில்லை. இந்த ஆபத்தைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் அனுமதி பெற்ற பல லேசிக் கருவிகளின் குறிப்பேடுகள், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுவோருக்கு இந்தச் சிகிச்சை கூடாது என்கின்றன. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்து வரச் சொல்வது கண் மருத்துவர்களிடையே பரவலான வழக்கம். மருந்து இரத்தத்தைவிட்டுச் சில வாரங்களில் நீங்கிவிடும். சுருங்கிய சுரப்பி தேறத்தான் நாளாகும். சிலருக்கு முழுதாகத் தேறாமலும் போகலாம். ஆகவே மாதக் கணக்கு மட்டும் போதாது. வடிதாள் துண்டை இமையில் செருகிக் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனையையும், இமைச் சுரப்பிகளை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தோல் மருத்துவரின் சீட்டு கண் மருத்துவரிடம் தானாகப் போய்ச் சேராது. “வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்விக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைச் சொல்பவர்கள் பரு மாத்திரையை மருந்தாகவே நினைப்பதில்லை. முடித்துப் பல மாதமானாலும் பெயர், அளவு, நிறுத்திய தேதி மூன்றையும் சொல்லுங்கள். லேசருக்காக மாத்திரையை நீங்களாகப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். தழும்பு விழும் அளவுக்கான பருவுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் தழும்பு நிலைத்துவிடும். கண்ணாடியை இன்னும் ஓராண்டு போட்டுக்கொள்வதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.