100 ரூபாய் டிக்கெட்டில் பழைய பட விழா: திருப்பூருக்கு வருமா ‘மலைக்கள்ளன்’? காப்பகத் திரையிடல் நடப்பது எப்படி?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சினிமா. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ ரீ-ரிலீஸ் ஆனபோது, 20 வருஷப் பழைய படத்துக்கும் தியேட்டர் நிரம்பும் என்பதை எல்லோரும் பார்த்தோம். சரி, 70 வருஷப் பழைய படம் என்றால்? அதைப் பெரிய திரைக்குக் கொண்டுவர என்னவெல்லாம் வேண்டும்? பார்க்கலாம்.

ரீ-ரிலீஸ் வேற, ரெட்ரோஸ்பெக்டிவ் வேற

ரீ-ரிலீஸ் என்பது விநியோகஸ்தரின் வியாபாரம். ஓடும் என்று தெரிந்த படம்தான் வரும். ரெட்ரோஸ்பெக்டிவ் என்பது ஒரு நடிகர் அல்லது இயக்குநரின் முக்கியமான படங்களைத் தேடியெடுத்து, சரிசெய்து, சில நாட்களில் வரிசையாகத் திரையிடுவது.

சமீபத்திய உதாரணம் ராஜ் கபூர் நூற்றாண்டு. 2024 டிசம்பர் 13 முதல் 15 வரை அவருடைய 10 படங்கள், 40 நகரங்களில் 135 தியேட்டர்களில் திரையிடப்பட்டன. டிக்கெட் 100 ரூபாய்தான். மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இதை முன்னின்று நடத்தியது. 2022-ல் அமிதாப் பச்சனுக்கும், 2023-ல் தேவ் ஆனந்துக்கும் இதேபோல நடத்தினார்கள்.

பழைய படங்கள் எங்கே இருக்கின்றன?

1964-ல் புனேவில் தொடங்கப்பட்டது இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். பி.கே.நாயர் என்ற தனிமனிதர் ஊர் ஊராக அலைந்து ரீல்களைச் சேகரித்து இதை வளர்த்தெடுத்தார். 2022-ல் இந்தக் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காப்பகத்தின் பிராந்திய அலுவலகங்கள் பெங்களூரு, கொல்கத்தா, திருவனந்தபுரம் என 3 ஊர்களில் அமைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் படம் எடுத்த தமிழ்நாட்டில் அமையவில்லை.

இதுக்கும் கொங்கு பகுதிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கோவையில் ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ், பட்சிராஜா ஸ்டுடியோஸ் என 2 பெரிய ஸ்டுடியோக்கள் இயங்கின. எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர் கதாநாயகனாக அறிமுகமான ‘ராஜகுமாரி’ (1947) ஆகியவை சென்ட்ரல் ஸ்டுடியோஸில் உருவானவை. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வென்ற ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் தயாரிப்பு.

தொலைந்துபோனவை

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ படமும் இல்லை.

காரணம், அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும். 2003 ஜனவரியில் புனேவில் நடந்த தீ விபத்தில்கூட ஏராளமான நைட்ரேட் ரீல்கள் எரிந்துபோயின. பின்னால் வந்த அசிடேட் ஃபிலிம், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் வினிகர் வாசத்தோடு சுருங்கி வீணாகும். இது போதாது என்று, படம் ஓடி முடிந்ததும் உள்ளே இருக்கும் வெள்ளிக்காக ரீல்களை எடைக்குப் போட்டதும் நடந்தது.

ரீலிலிருந்து திரைக்கு: 3 படிகள்

1. நல்ல பிரதி வேண்டும்: ஒரிஜினல் நெகட்டிவ் என்பது பனியன் கம்பெனியின் பேட்டர்ன் மாதிரி. தியேட்டருக்குப் போகும் பிரின்ட், தைத்து முடித்த பீஸ். பேட்டர்ன் தொலைந்தால், பீஸை வைத்துத் திரும்ப வெட்டலாம். ஆனால் அளவு அவ்வளவு துல்லியமாக வராது.

2. சரிசெய்ய வேண்டும்: ஒவ்வொரு ஃபிரேமையும் ஸ்கேன் செய்து கீறல், தூசி, ஆட்டம் எல்லாவற்றையும் நீக்குவார்கள். பெரும்பாலான தியேட்டர்களில் இப்போது ரீல் ஓட்டும் புரொஜெக்டர் இல்லை என்பதால், டிஜிட்டல் பிரதி கட்டாயம்.

3. அனுமதி வேண்டும்: காப்பகத்தில் ரீல் இருக்கிறது என்பதற்காக அதைக் காப்பகமே இஷ்டத்துக்குத் திரையிட முடியாது. இந்தியாவில் ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அது முடிந்தாலும் கதைக்கும் பாடலுக்கும் தனியாக உரிமை இருக்கலாம்.

குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம் ‘மந்தன்’ (1976). இதன் நெகட்டிவ் புனே காப்பகத்தில் கிடைத்தது. ஒலியை மும்பையில் இருந்த ஒரு பிரின்ட்டிலிருந்து எடுத்தார்கள். சரிசெய்யும் வேலையில் ஒரு பகுதி நடந்தது நம்ம சென்னையில், பிரசாத் நிறுவனத்தில். 2024-ல் கான் விழாவில் திரையிட்ட கையோடு, ஜூன் மாதம் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது.

அதான் யூடியூப்ல இருக்கே?

இருக்கலாம். ஆனால் பழைய படங்களில் பல, டிவிக்காக எடுத்த டேப்பிலிருந்து ஏற்றியவை. காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கும், ஒலி தேய்ந்திருக்கும். செல்போனில் பார்க்கச் சரி, பெரிய திரைக்கு ஆகாது. அதைவிட முக்கியம், யூடியூபில் கிடைக்கிறது என்று நாம் திருப்திப்பட்டால், நெகட்டிவ் எங்கே என்று யாருமே தேட மாட்டார்கள்.

திருப்பூரில் நடக்குமா?

நடக்கும், யாராவது கேட்டால். காப்பகம் நீண்ட காலமாகவே ஃபிலிம் சொசைட்டிகளுக்குப் படங்களைக் கொடுத்து வந்திருக்கிறது. ஒரு கல்லூரியோ, தொழில் அமைப்போ, வாசகர் வட்டமோ ஃபிலிம் சொசைட்டியாகப் பதிவு செய்து, காப்பகத்துக்கும் உரிமையாளருக்கும் எழுதிக் கேட்கலாம்.

2027-ல் கண்ணதாசன் நூற்றாண்டு, 2028-ல் சிவாஜி கணேசன் நூற்றாண்டு. ஒரு படத்தைத் தேடிச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆகும். 10 படங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நூற்றாண்டு நெருங்கிய பிறகு கேட்டால், அதே பழைய டேப் பிரதிதான் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிய தியேட்டரின் ஆபரேட்டர் ரூமிலோ பழைய ரீல் டப்பா இருந்தால் நெருப்பு, வெயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கும் போட வேண்டாம். புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தொலைந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கும் படம், அந்த டப்பாவுக்குள்ளும் இருக்கலாம்.