செவிக்கு எட்டும் பாடம்



திருவள்ளுவர், கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணால் கற்பது ஒரு வழி. செவியால் கற்பது மற்றொரு வழி. இந்த வானொலி உரையைச் செவிவழியாகவே நீங்கள் பெறுகின்றீர்கள். பார்வையற்ற மாணவர் பலர் தம் கல்லூரிப் பாடங்களையும் இவ்வாறே பெறுகின்றனர். அவற்றை அவர்கள் செவிக்கு எட்டும்படி அமைப்பது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1824-ஆம் ஆண்டில், 15 வயதுச் சிறுவரான லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளால் ஓர் எழுத்துமுறையை வகுத்தார். விரல்நுனியே கண்ணாயிற்று. இன்று அதனோடு கணினியும் துணை நிற்கிறது. திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றியே கிடைக்கிறது.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். என்னிடம் மேனிலை வகுப்பில் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர், நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டில், கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தார். தேர்வுக்குப் பத்து நாள்களே இருந்தன. “ஐயா, தங்கள் குறிப்புகளை அனுப்புங்கள், என் கணினி படித்துச் சொல்லும்” என்றார். நானும் மகிழ்ந்து, கையெழுத்துக் குறிப்பேடு முழுவதையும் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் அவர் அழைத்தார். “ஐயா, எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்கின்றன என்று கருவி சொல்கிறதே!”

என் பிழை யாது? திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்குமேயன்றிப் படத்தைப் படிக்காது. பக்கத்தின் படமும் மாமரத்தின் படமும் அதற்கு ஒன்றே. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் என் கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. அச்சிட்ட பக்கத்திலும் அது துணைக்காலை ரகரமாகக் கொள்வதுண்டு. ஆதலின் ஒருவர் ஒப்புநோக்கித் திருத்தியே தருதல் வேண்டும்.

பின்னர் இரண்டு நாள் அமர்ந்து தட்டச்சுச் செய்து அனுப்பினேன். அதுவும் பயன்படவில்லை. நான் பழகியிருந்தது பாமினி என்னும் பழைய எழுத்துரு. அதில் திரையில் ‘அம்மா’ என்று தோன்றும். கணினியின் உள்ளேயோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளே இருக்கும். கண் தமிழைக் காண்கிறது. கருவி அக்குறிகளை உளறுகிறது. யூனிகோடு முறையில் இக்குறை இல்லை. அதில் தமிழ்க் குறிகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் உள்ளன. மாற்றி அனுப்பினேன், கருவி படித்தது.

ஆயினும் மற்றொரு தடை இருந்தது. தேவைக் கோட்டின் படம் வந்த இடத்தில் கருவி ‘படம்’ என்று மட்டும் கூறியது. “அதில் என்ன இருக்கிறது, ஐயா?” என்று அவர் வினவினார். நான் எழுதினேன்: ‘நிலை அச்சில் விலை, கிடை அச்சில் தேவையின் அளவு. கோடு இடமிருந்து வலமாகக் கீழே சரிகிறது. விலை குறையக் குறையத் தேவை மிகுகிறது.’ எழுதி முடித்ததும் என் மனம் துணுக்குற்றது. பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் அக்கோட்டை வரைந்து, “இதோ பாருங்கள்” என்று மட்டுமே சொல்லி வந்தேன். அம்மாணவரும் என் வகுப்பில் இரண்டாண்டு அமர்ந்திருந்தாரன்றோ! அப்போது அவர் என்ன பெற்றிருப்பார்?

தலைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். எழுத்தைத் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தட்டச்சு மென்பொருளில் உள்ள தலைப்பு வகையைத் தேர்ந்து குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால் திரைவாசிப்பான் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குத் தாவும். இன்றேல் வேண்டிய பகுதியைத் தேட முதல் வரியிலிருந்தே கேட்டு வர நேரும்.

இப்பணிக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றித் தர இடமளிக்கிறது. இதே நோக்குடன் 2013-இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை, 2014-இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே.

அம்மாணவர் தேர்வு எழுதினார்; தேறினார். ஆயினும் அவருடைய பத்து நாள்களில் நான்கை என் அறியாமை விழுங்கிவிட்டது. அவற்றை நான் திருப்பித் தர இயலாது. எல்லாம் சரியான பின் அவர் கூறியது இது: “ஐயா, இனி நள்ளிரவிலும் நானே படித்துக்கொள்வேன், படித்துக் காட்டும்படி யாரையும் எழுப்ப வேண்டுவதில்லை.”

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் ஆசிரியர் ஆவீர்கள். இன்றே நீங்கள் ஒருவருக்கொருவர் குறிப்புகளை அனுப்பிக்கொள்கின்றீர்கள். அனுப்புமுன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கைப்பேசியில் உள்ள வாசிப்பானைக் கொண்டு அக்குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் செவிக்கு எட்டாதது உங்கள் தோழருக்கும் எட்டாது.