பேய்க்கணவாய் வளர்ப்பு

பேய்க்கணவாய் வளர்ப்பு என்பது எண்காலி அல்லது ஆக்டோபசு எனப்படும் கடல் விலங்கை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வைத்துப் பேணுவதாகும். இவ்விலங்கு மெல்லுடலிகள் தொகுதியில் தலைக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தது. தமிழகக் கடலோர மீனவர்கள் இதனைப் பேய்க்கணவாய் என்பர். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் ஆகியன இதன் உறவினங்கள். வண்ணமீன் வளர்ப்பிலிருந்து இது இரு வகையில் வேறுபடுகிறது. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் தொட்டியில் பிறந்தவை அல்ல, கடலில் பிடிக்கப்பட்டவை. அவற்றின் வாழ்நாளும் மிகக் குறுகியது. ஆகவே வாங்குபவர் முதலில் கேட்டறிய வேண்டியது விலையை அன்று, விலங்கின் இனத்தையும் வயதையுமே ஆகும்.

வாழ்நாள்

சிறிய இனங்கள் ஏறக்குறைய ஓராண்டும், நடுத்தர இனங்கள் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளும் வாழ்கின்றன. ஆண், இனச்சேர்க்கைக்குப் பின் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்துவிடும். பெண், முட்டையிட்டபின் இரை உண்பதை நிறுத்தி முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரிக்கும் காலத்தில் இறக்கும். 2010 உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது புகழ்பெற்ற, செருமனியின் ஓபர்கௌசன் காட்சியகத்தில் இருந்த பால் என்னும் பேய்க்கணவாய் 2008இல் பிறந்து 2010 அக்டோபரில் இறந்தது.

எனவே முழு வளர்ச்சியடைந்த ஒன்றை வாங்குபவருக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கக்கூடும். சிறியது இளையது என்றும் கொள்ளலாகாது. அது குள்ள இனத்தின் முதிர்ந்த விலங்காக இருக்கலாம்.

கிடைக்கும் இடங்கள்

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைப் பகுதியிலும் பேய்க்கணவாய்கள் வாழ்கின்றன. மண்டபம், இராமேசுவரம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் இழுவலைப் படகுகள் இவற்றைக் கரைசேர்க்கின்றன. இவை உணவுக்கும் ஏற்றுமதிக்கும் உரியவை. வலையில் நசுங்கிக் காயமுற்றவை தொட்டிக்கு ஏற்றவை அல்ல. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்றது எனினும், அங்கு விற்பவை பெரும்பாலும் நன்னீர் மீன்களே.

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்டுள்ளன. பேய்க்கணவாயில் இது கடினம். பல இனங்களின் குஞ்சுகள் மிதவை உயிரிகளாய்ப் பல வாரங்கள் நீரில் மிதந்து, மிகச்சிறிய உயிருள்ள இரையை உண்டு வளர்பவை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; அங்கு உயிரினங்களைச் சேகரிக்கக்கூடாது. பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. எனவே தொட்டியில் பவளக்கல்லுக்கு மாற்றாக, மெருகிடாத சிறு மண்கலயத்தை வளையாக வைக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* இனம் தெரியாத எதனையும் வாங்கலாகாது. நீலவளையப் பேய்க்கணவாயின் கடியில் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு உள்ளது. இதற்கு மாற்றுமருந்து இல்லை. மூச்சுத்தசைகள் செயலிழந்து இறப்பு நேரலாம்.
* கடைக்காரர் முன்னிலையில் இரை உண்கிறதா என்று பார்த்தல் நன்று.
* தோலில் வெண்புண், கண் மங்கல், நிறம் மாறாமை, வளையில் ஒளியாது நோக்கமின்றித் திரிதல் ஆகியன நோய் அல்லது முதுமையின் அறிகுறிகள்.
* பையில் அடைத்துக் கொண்டுவரும்போது மை கக்கினால் விலங்கு மூச்சுத்திணறி இறக்கலாம். ஒரு பையில் ஒன்று மட்டுமே இருத்தல் வேண்டும்.

உள்நாட்டு ஊர்களில் நீர்

திண்டுக்கல் மாவட்டத்தின் சேவுகம்பட்டி போன்ற ஊர்கள் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் உள்ளன. இங்கு கடல்நீரைச் செயற்கையாகவே ஆக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. இதன்படி 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ கடலுப்புக் கலவை தேவை. வாரந்தோறும் 20 லிட்டர் மாற்றினால் மேலும் 700 கிராம் தேவை. சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாகக் கலத்தலும் கூடாது. எதிர்ச்சவ்வூடு முறையில் தூய்மையாக்கிய நீரே ஏற்றது.

பேய்க்கணவாயின் இரத்தத்தில் செம்பு கொண்ட புரதம் உள்ளதால் அது நீலநிறமானது. ஆயினும் நீரில் கரைந்த செம்பு அதனைக் கொன்றுவிடும். திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தத்தால் ஆனது. அதற்குப் பயன்பட்ட வாளி, குழாய் முதலியவற்றைத் தொட்டி வேலைக்குப் பயன்படுத்தலாகாது. மீன்நோய் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு.

விலங்கு வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொட்டியை இயக்குவது நலம். கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக இக்காலம் தேவை. வெப்பமான நீரில் ஆக்சிசன் குறைவாகவே கரையும். ஆதலால் கோடைக்கால மின்வெட்டின்போது மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றி இன்றியமையாதது.

மூடி

பேய்க்கணவாய்க்கு எலும்பு இல்லை. அலகு நுழையும் துளையில் உடல் முழுவதும் நுழையும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற பேய்க்கணவாய் வடிகால் குழாய் வழியே வெளியேறியது. எனவே தொட்டிக்குப் பூட்டத்தக்க மூடி வேண்டும். குழாய் வாய்களை வலையால் அடைத்தல் வேண்டும்.

நெறிமுறை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணை, ஆய்வில் பயன்படும் விலங்குகளுக்கான பாதுகாப்பைத் தலைக்காலிகளுக்கும் அளித்தது. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை உணர்வுள்ள விலங்குகளாக ஏற்றது. பேய்க்கணவாய் புட்டியின் மூடியைத் திறக்கக் கற்கும். ஆட்களை வேறுபடுத்தி அறியும். வெறுந்தொட்டியில் அடைபட்டால் தன் கைகளையே கடிப்பதும் உண்டு. கடலில் பிடிபட்ட விலங்கொன்றின் எஞ்சிய சில மாதங்களை இந்த ஏற்பாடுகளுடன் பேண இயலாதவர், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தமானது.