ஓய்வுக்கால வீட்டுத் தச்சுப் பட்டறை

ஓய்வுக்கால வீட்டுத் தச்சுப் பட்டறை என்பது, பணி ஓய்வு பெற்றவர்களும் முதியவர்களும் மனநிறைவுக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் தம் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் சிறிய மரவேலைக் கூடம் ஆகும். பிழைப்புக்கான பட்டறைக்கு வேகம் தேவை, இதற்குத் தேவையில்லை. ஆகவே கனமான அறுப்பு வேலையை மர அறுவை ஆலையிடம் விட்டுவிட்டு, அளத்தல், இழைத்தல், பொருத்துதல், மெருகிடுதல் ஆகியவற்றை வீட்டில் செய்வது பொருத்தமானது. தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பகுதியின் மரங்களையும் பருவநிலையையும் கொண்டு இம்முறை இங்கு விளக்கப்படுகிறது.

கிடைக்கும் மரங்கள்

காவிரிப் படுகையின் தென்பகுதியில், கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பெறும் பேராவூரணியில் நெல்லுடன் தென்னையும் முக்கியப் பயிர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத் தோப்புகளில் ஏராளமான தென்னைகளைச் சாய்த்தது. விழுந்த மரத்தை மட்கவிட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கும் மரங்களையும் தாக்கும். உடனே அறுத்து உலர்த்தினால் பலகை கிடைக்கும்.

தென்னை மற்ற மரங்களைப் போன்றதல்ல. தேக்கிலும் வேம்பிலும் வைரம் நடுவில் இருக்கும். தென்னையிலும் பனையிலும் உறுதி வெளிப்புறத்தில் இருக்கும். தொல்காப்பிய மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே உள்வைரம் உள்ளவற்றை மரம் என்றும், புறவைரம் உள்ளவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. தாவரவியலும் தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகக் கொள்கிறது. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில் வெளிப்புறப் பலகையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும். அது சட்டத்துக்கும் காலுக்கும் ஏற்றது. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். அது சுமை தாங்காது. வெளிப்பகுதியின் கடினத்தால் ரம்பப் பல் விரைவில் மழுங்கும். மண்ணில் புதைந்தாலோ மழையில் நனைந்தாலோ தென்னை எளிதில் உளுத்துவிடும். எனவே வீட்டுக்குள் வைக்கும் பொருள்களுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும்.

வேம்பு, பூவரசு, மா, பலா ஆகியவையும் பயன்படும். பலா மரத்தில் செய்யப்படும் தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தேக்கு, சந்தனம், ஈட்டி ஆகியவற்றுக்கு வனத்துறை விதிகள் இருப்பதால், சொந்த நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உலர்த்துதல்

மரம் ஈரத்தை ஏற்றால் அகலத்தில் விரியும், இழந்தால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு இறுகுவது இதனால்தான். அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே வரிச்சுகள் வைத்து, காற்று புகும்படி அடுக்க வேண்டும். ஒரு பலகையை வாரந்தோறும் எடைபோட்டு வந்தால், எடை குறைவது நிற்கும்போது அது உலர்ந்துவிட்டதை அறியலாம்.

இடமும் மேசையும்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அறையோ, பயன்படாத மாட்டுக்கொட்டகையோ போதும். தரை சமமாகவும் வழுக்காமலும் இருக்க வேண்டும். ஊர்த் தச்சர்கள் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் பற்றி இழைப்பது வழக்கம். முழங்கால் வலி உள்ள முதியவருக்கு அது ஒத்துவராது. ஆடாத கனமான மேசையும் ஒரு முக்காலியும் வேண்டும். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரம் இழைப்பு மேசைக்கு ஏற்றது. வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் தேவை. சன்னல் இடப்பக்கமோ எதிரிலோ இருப்பது நல்லது.

கருவிகள்

டேப், மூலைமட்டம், கைரம்பம், இழைப்புளி, மூன்று அளவு உளிகள், கொட்டாப்புளி, நான்கு கிளாம்புகள், தீட்டுக்கல், ஒரு டிரில்லிங் மெஷின் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். உளியை 25 முதல் 30 பாகைச் சாய்வில் தீட்டப் பழகுவது முதல் பாடம். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க நேரும். பலம் கொடுக்கும்போதுதான் கை நழுவும். ஓய்வூதியத் தொகையை முதலிலேயே எந்திரங்களில் போடுவதைவிட, ஆறு மாதம் கைவேலை பழகிய பின் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.

பாதுகாப்பு

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மூக்கும் அதைச் சார்ந்த எலும்பறைகளும் பாதிக்கப்படும். உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் நுண்தூளுக்கு என்95 முகக்கவசம் அவசியம். கிரைண்டரில் மர ரம்பத் தகட்டைப் பொருத்தி அறுப்பது மிக ஆபத்தானது. தகடு மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறி உடலை நோக்கித் துள்ளும். சுழலும் கருவியருகே துண்டு, தளர்ந்த வேட்டி, கையுறை கூடாது. நீரிழிவால் விரல் உணர்வு குறைந்தவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கலந்துகொண்டே தொடங்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை விரித்துக் காயவைக்க வேண்டும். தனியாக வேலை செய்பவர் கைப்பேசியை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது நல்லது.

முதல் வேலைகள்

மணைப்பலகை, அரிவாள்மனைக் கட்டை, சிறிய முக்காலி ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. முக்காலியில், ஒரு துண்டின் நாக்கு மற்றொன்றின் துளைக்குள் இறுகும் இணைப்பு கைவந்துவிட்டால், அலமாரியும் மேசையும் அதன் விரிவே. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். களைத்த கையே காயப்படும் என்பதால், களைப்பு தெரிந்ததும் கருவிகளைத் துடைத்து எடுத்துவைப்பதும் இவ்வேலையின் ஒரு பகுதியாகும்.